கருவிழந்த தாயும் கடுகு விதையும்

(பௌர்ணமி தின தர்மோபதேசம்)



புத்தம், தர்மம், சங்கம் என்னும் மும்மணிகளை முதற்கண் வணங்கி இன்றைய உபதேசத்தைத் தொடங்குகின்றோம். பௌர்ணமி நாளில் தானம், சீலம், பாவனை ஆகியவற்றுள் ஒன்றை எடுத்து விளக்குவது நம் வழக்கம். இன்று அவ்வழக்கத்தினின்று சிறிது விலகி, நமக்கு வந்த ஒரு கடிதத்தையே பொருளாகக் கொள்கின்றோம். ஏனெனில், துக்கத்தைப் பற்றி நூல்களில் படித்து விளக்குவது எளிது. துக்கமே எழுத்துருக் கொண்டு நம் கையில் வந்து சேரும்போது அதற்கு விடை கூறாமல் வேறொன்றைப் பேசுதல் தர்மமாகாது.

கடிதம் எழுதியவள் லாங் ஐலண்டில் வாழும் ஓர் இளஞ் சகோதரி. அந்தத் தீவு நடு அந்தமானின் கிழக்குக் கரையை அடுத்துள்ளது. ரங்கத்தின் அருகிலுள்ள எரட்டா துறையிலிருந்து படகேறி அங்குச் செல்லவேண்டும். முன்னாளில் ஒட்டுப்பலகை ஆலை ஒன்று அங்கு இயங்கியது. அதனால் பல மொழி பேசும் குடும்பங்கள் அங்குக் குடியேறின. சிறிய ஊர்; எல்லோரும் எல்லோரையும் அறிவர். அச்சகோதரிக்கு மணமாகி ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை கரு தங்கிக் கலைந்தது. முதலாவது இரண்டாம் மாதத்தில். இரண்டாவது பத்தாவது வாரத்தில். மூன்றாவது, நான்காம் மாதம் பிறந்த பின்னர். அவள் எழுதிய வரிகளின் சாரம் இது:

“ஐயா, என் மாமியார் நான் முற்பிறப்பில் ஒரு கருவை அழித்த பாவி என்கின்றார். என் கணவர் நல்லவர். ஆனால் ஒன்றும் பேசுவதில்லை. அடுத்த வீட்டில் சீமந்தம் நடந்தபோது என்னை அழைக்கவில்லை. நான் எந்தப் பாவம் செய்தேன் என்பதை மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பரிகாரம் செய்துவிடுகின்றேன்.”

தாயே, உன் கடிதத்திற்கு இச்சபையின் முன்னிலையிலேயே விடை கூறுகின்றோம். இது உன் ஒருத்திக்கு மட்டும் உரிய விடையன்று. இங்கு அமர்ந்திருக்கும் பெண்களுள்ளும் இந்த வினாவை நெஞ்சில் புதைத்து வைத்திருப்போர் உளர் என்பதை யாம் அறிவோம்.

“எப்பாவம் செய்தேன்?”

முதலில், பகவான் இந்த வினாவைப் பற்றி என்ன கூறினார் என்பதைக் காண்போம். ராஜகிருகத்தின் வேணுவனத்தில் பகவான் தங்கியிருந்த காலத்தில், மோலிய சீவகன் என்னும் பரிவிராஜகன் அவரை அணுகினான். மனிதன் அனுபவிக்கும் இன்பமும் துன்பமும் யாவும் முன் செய்த வினையின் பயனே எனச் சிலர் கூறுகின்றனரே, தாங்கள் என்ன கூறுகின்றீர்கள் என்று கேட்டான். பகவான் அக்கொள்கையை ஏற்றாரில்லை. பித்தத்தால் எழும் வேதனைகள் உண்டு; சிலேட்டுமத்தால் எழுவன உண்டு; வாதத்தால் எழுவன உண்டு; இம்மூன்றும் கூடியதால் எழுவன உண்டு; பருவ மாற்றத்தாலும், உடலை ஒவ்வாத வகையில் நடத்துவதாலும், புறத்தேயிருந்து வரும் தாக்குதலாலும் எழுவன உண்டு; கன்ம விளைவால் எழுவனவும் உண்டு என எட்டுக் காரணங்களை வகுத்துக் காட்டினார். யாவும் பழவினையே என்போர் தாம் நேரில் அறிந்ததையும் உலகம் உண்மையென ஏற்றதையும் கடந்து பேசுகின்றனர் என்றார். இது சம்யுத்த நிகாயத்தில் வேதனைகளைப் பற்றிய பகுதியில் உள்ளது.

அன்பர்களே, இதன் பொருளை நன்கு ஓர்ந்து பாருங்கள். எட்டுக் காரணங்களுள் கன்மம் ஒன்றே ஒன்று. உடலைச் சார்ந்தும் புறத்தைச் சார்ந்தும் நிற்பன ஏழு. அந்த ஏழையும் ஆராயாமல் எட்டாவதை எடுத்து ஒரு பெண்ணின் தலையில் சுமத்துவோர் தர்மத்தைப் பேசுவோர் அல்லர். தர்மத்தின் பெயரால் பழி பேசுவோரே ஆவர். மேலும் ஒருவரது கன்ம விளைவை இன்னதென்று அளந்து கூறுதல் புத்தரல்லாதார்க்கு இயலாத செயல். அதனை நினைந்து நினைந்து மனத்தை அலைக்கழித்துக் கொள்ளுதல் வீண் என்றும் பகவான் எச்சரித்துள்ளார். அங்ஙனமிருக்க, அடுக்களையில் நின்றுகொண்டு மருமகளின் முற்பிறப்பை அறிந்தேன் என்பார்க்கு என்ன விடை கூறுவது!

ஆகவே தாயே, நீ கேட்ட வினாவுக்கு எமது விடை இதுவே. நீ எந்தப் பாவம் செய்தாய் என்று கூற எம்மிடம் ஒன்றும் இல்லை. ஏனெனில் நீ வினாவையே தவறாக எழுதிவிட்டாய். “எந்தப் பாவம்?” என்பதை அழித்துவிட்டு, “எந்தக் காரணம்? அதை எங்கே சோதிப்பது? என்னுடன் யார் வருவார்?” என்று எழுது. இம்மூன்றுக்கும் விடை உண்டு.

நான்கு சத்தியங்களும் மருத்துவ நெறியும்

பகவானை மாமருத்துவர் என்று முன்னோர் போற்றினர். நோய், நோயின் காரணம், நோயின் நீக்கம், நீக்குதற்குரிய வழி என்னும் மருத்துவ முறையிலேயே நான்கு உயர் சத்தியங்களும் அமைந்துள்ளன. அம்முறையிலேயே இத்துக்கத்தையும் நோக்குவோம்.

முதலாவது, துக்கம் உண்டு என்பது. கரு கலைதல் துக்கமே. “இன்னும் உருவம் கூட வரவில்லையே, அதற்கா இத்தனை அழுகை?” என்று கேட்போர் உளர். கருவுற்றதை அறிந்த நாளிலேயே தாய் தன் மனத்தில் அதற்கு ஒரு தொட்டில் கட்டிவிடுகின்றாள். தொட்டில் அறுந்தபின் அழுவது இயற்கை. இத்துக்கம் அரிதானதும் அன்று. 2021ஆம் ஆண்டு “லான்செட்” என்னும் மருத்துவ ஏட்டில் வெளிவந்த ஆய்வுத் தொடரின்படி உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் கருச்சிதைவுகள் நேர்கின்றன. பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினொருவர் ஒரு கருவை இழந்தவர். மூன்றோ அதற்கு மேலோ இழந்தவர் ஆயிரத்துக்கு எழுவர்.

இரண்டாவது, காரணம். முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களுள் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ குரோமோசோம்களின் எண்ணிக்கையில் நேரும் பிழையாலேயே கலைகின்றன. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என வந்து கூடவேண்டிய இழைகளுள் ஒன்று மிகுந்தோ குறைந்தோ போனால் அக்கரு வளரும் ஆற்றலை இழக்கின்றது. தாயின் வயது ஏறுந்தோறும் இப்பிழை மிகுதியாகின்றது. இதில் எவர் குற்றமும் இல்லை. நீர்க்குடம் தூக்கினாள், கிரகணத்தின்போது வெளியே வந்தாள், ஒரு நாள் படகேறினாள், மனம் வருந்தி அழுதாள் என்பன காரணங்கள் அல்ல.

எனினும் கருச்சிதைவு திரும்பத் திரும்ப நேருமாயின் வேறு காரணங்களையும் தேடவேண்டும். இரத்தத்தில் பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்புப் பொருளுக்கு எதிரான ஆன்டிபாடிகள் தோன்றி, நஞ்சுக்கொடியின் வளர்ச்சியைக் கெடுத்து, அதன் நுண்குழாய்களில் குருதி உறையச் செய்யலாம். தைராய்டு சுரப்பியின் குறைபாடு இருக்கலாம். கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் இருக்கலாம். கருப்பையின் நடுவே பிறவியிலேயே ஒரு தடுப்புச் சவ்வு இருக்கலாம். நான்காம் மாதத்திற்குப் பின் கலையுமாயின் கருப்பை வாயின் தளர்ச்சியையும் கருதவேண்டும். கணவன் மனைவி இருவருள் ஒருவரது குரோமோசோம் அமைப்பில், அவர்தம் உடல்நலத்தைக் கெடுக்காத ஒரு மாற்றம் மறைந்திருந்து கருவைப் பாதிக்கலாம். இவ்விறுதிக் காரணம் ஆணிடமும் இருக்கலாம் என்பதை ஆடவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நீக்கம் உண்டு என்பது. இங்கே ஒரு சரித்திரத்தைக் கூறுகின்றோம். இங்கிலாந்தை 1702 முதல் 1714 வரை ஆண்ட அரசி ஆன் பதினேழு முறை கருவுற்றார். பல கருக்கள் கலைந்தன. சில குழந்தைகள் இறந்தே பிறந்தன. சில பிறந்து மடிந்தன. பதினோராண்டு வாழ்ந்த ஒரு மகனும் 1700இல் இறந்தான். அரண்மனை வைத்தியர்கள் சூழ்ந்திருந்தும் காரணம் இன்னதென அறிய அந்நாளில் வழியில்லை. 1983ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ், மேற்கூறிய ஆன்டிபாடிகளுக்கும் குருதி உறைதலுக்கும் தொடர் கருச்சிதைவுக்கும் உள்ள தொடர்பை விளக்கி எழுதினார். இன்று அந்நோய் உறுதியானால், சிறிய அளவு ஆஸ்பிரின் மாத்திரையும் ஹெப்பாரின் ஊசியும் மருத்துவர் மேற்பார்வையில் அளிக்கப்படுகின்றன. அதனால் குழந்தை பெற்றோர் பலர். மூன்று நூற்றாண்டுக்கு முன் ஓர் அரசிக்குக் கிட்டாத அறிவு, இன்று தீவில் வாழும் ஒரு குடியானவள் மகளுக்கு ஓர் இரத்தச் சோதனையின் தொலைவில் இருக்கின்றது. அதனைக் கேட்டுப் பெறாமல் பரிகாரம் தேடி அலைவது முறையா?

நான்காவது, வழி. அதனைச் சற்று விரிவாகவே கூறுவோம்.

சோதனைக்குச் செல்லும் வழி

எத்தனை முறை கலைந்தபின் சோதனை செய்வது என்னும் ஐயம் பலருக்கு உண்டு. ஐரோப்பிய மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி இரண்டு முறை என்கின்றது. இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி மூன்று என்று வகுத்தபோதிலும், தேவையாயின் இரண்டுக்குப் பின்னரே தொடங்கலாம் என மருத்துவரின் மதிப்பீட்டுக்கு இடம் அளிக்கின்றது. ஆகவே இரண்டு முறை இழந்தவள் மூன்றாவதுக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை, கேட்கலாம்.

கேட்க வேண்டிய சோதனைகள் இவை: பாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி சோதனை, தைராய்டு சோதனை, சர்க்கரைச் சோதனை, கருப்பையின் அமைப்பைக் காணும் ஸ்கேன், தேவை என மருத்துவர் கருதின் கணவன் மனைவி இருவருக்கும் குரோமோசோம் சோதனை. கலைந்த கருவின் திசுவையும் பெரிய நகரங்களில் சோதிக்கின்றனர். மீண்டும் அந்நிலை நேர்ந்தால் அதனை எங்ஙனம் பாதுகாப்பது என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்டு வைத்தல் நன்று. “டார்ச்” என வழங்கும் தொற்றுநோய்ச் சோதனைத் தொகுப்பு தொடர் கருச்சிதைவின் காரணத்தை அறிய உதவுவதில்லை என்பதே வழிகாட்டிகளின் கருத்து. அதற்காகக் கடன் வாங்க வேண்டுவதில்லை. இரத்த வகை நெகட்டிவ் ஆயின் அதனைத் தவறாமல் சொல்லவேண்டும். கருச்சிதைவுக்குப் பின் சிலருக்கு ஆன்டி–டி ஊசி தேவைப்படும்.

தீவில் வாழ்வோர்க்கு உள்ள இடர்ப்பாட்டை யாம் மறக்கவில்லை. லாங் ஐலண்டில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்குக் கடல் கடந்து ரங்கத்துக்கோ, வடக்கே மாயாபந்தருக்கோ, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரிலுள்ள ஜி. பி. பந்த் மருத்துவமனைக்கோ செல்லவேண்டும். ரங்கத்திலிருந்து போர்ட் பிளேருக்குத் தரைவழியே செல்வோர் ஜாரவா மக்களின் காப்புக் காட்டினூடே, குறித்த நேரத்தில் அணியாக விடப்படும் வண்டிகளிலேயே செல்லவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிடும் நாட்களும் உண்டு. ஒரு சோதனைக்கு ஒரு பயணம் எனச் சென்றால் பணமும் உடலும் கரைந்துபோகும்.

ஆதலால் முதலில் ஊரிலுள்ள சுகாதார நிலையத்திற்கே செல்க. மூன்று முறையும் கரு எத்தனை வாரத்தில் கலைந்தது, இதயத் துடிப்பு காணப்பட்டதா, என்ன மருந்து உண்டாய் என்பவற்றை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்க. கணவனும் நீயும் நெருங்கிய உறவினராயின் அதனையும் எழுதுக. பழைய சீட்டுகள், ஸ்கேன் படங்கள் யாவற்றையும் ஒரே பையில் இடுக. அவற்றுள் “அபார்ஷன்” என்னும் சொல்லைக் கண்டு மனம் நோகாதே. தானே கலைந்ததையும் மருத்துவர் அச்சொல்லாலேயே நெடுங்காலமாகக் குறித்து வந்தனர். நீ வேண்டி அழித்தாய் என்பது அதன் பொருளன்று. இதனை உன் மாமியாருக்கும் படித்துக் காட்டுக. பின்னர் மருத்துவரிடம், ஒரே பயணத்தில் எவ்வெச் சோதனைகளை முடிக்கலாம் என்று கேட்டுச் சீட்டு வாங்குக. பாஸ்போலிப்பிட் சோதனையில் குறை தென்பட்டால், குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை செய்தே உறுதிப்படுத்துவர். ஆகவே இரண்டாவது பயணத்துக்கும் இப்போதே பணம் ஒதுக்கி, பருவமழைக்கு முன் முடியும்படி நாள் குறித்துக்கொள்க.

மீண்டும் கருவுற்றால் அந்நாளிலேயே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். முன் கருவை இழந்தவர்க்கு இம்முறை இரத்தக்கசிவு கண்டால் புரோஜெஸ்டிரோன் மருந்து சிலருக்குப் பயன் தருவதாக இங்கிலாந்தில் நான்காயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டியுள்ளது. ஆஸ்பிரினோ ஊசியோ புரோஜெஸ்டிரோனோ எதுவாயினும் தானே வாங்கி உண்ணலாகாது. மிகுந்த இரத்தப்போக்கு, கடும் வயிற்றுவலி, மயக்கம், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று காணின் காலை வரட்டும் என்று காத்திராமல் உடனே சுகாதார நிலையத்தை அடையவேண்டும். 2016 முதல் மாதந்தோறும் 9ஆம் நாளில் அரசு மருத்துவ நிலையங்களில் கருவுற்றோரை இலவசமாகச் சோதிக்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது, அதனையும் பயன்படுத்துக.

எல்லாச் சோதனையும் செய்தபின் ஒன்றும் தென்படவில்லை என்னும் விடையும் வரலாம். சோதித்தவருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு அவ்விடையே கிட்டுகின்றது. அது கதவு அடைபட்டதாகாது. காரணம் காணப்படாதவருள் பெரும்பான்மையோர் பின்னர் குழந்தை பெறுகின்றனர். அவர்களை முதல் வாரங்களிலேயே அடிக்கடி அழைத்துப் பார்த்து, ஸ்கேன் காட்டி, அன்போடு பேசி ஆதரிப்பதையே மேலை நாட்டு மருத்துவரும் இன்று ஒரு சிகிச்சையாகப் போற்றுகின்றனர்.

கடுகு விதை

இனி, “என்னுடன் யார் வருவார்?” என்னும் வினாவுக்கு வருவோம். இதற்கு விடையாகக் கிசா கோதமியின் வரலாற்றை நினைவுகூர்வோம். சிராவஸ்தி நகரில் தன் ஒரே குழந்தையை இழந்த அவள், சடலத்தை இடுப்பில் ஏந்தி மருந்து கேட்டு அலைந்தாள். பகவான் அவளிடம், சாவு நேராத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு கொண்டு வருமாறு கூறினார். அவள் வீடுவீடாகச் சென்று, அத்தகைய வீடு ஒன்றும் இல்லையென உணர்ந்து தெளிந்தாள். இதனைக் கேளாதவர் நம்முள் எவருமிலர்.

நம் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையிலும் ஒரு கோதமை வருகின்றாள். காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டின் அருகே தன் மகன் சார்ங்கலனை இழந்து, என் உயிரைக் கொண்டு என் மகனுயிரைத் தா என்று சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகின்றாள். தெய்வம் வினையின் இயல்பை எடுத்துரைக்கின்றது. அவள் தெளியாதது கண்டு, தேவர்கள் யாவரையும் வரவழைத்து, போன உயிரை மீட்க எவராலும் இயலாதென மெய்ப்பித்துக் காட்டுகின்றது.

இரண்டு தாய்மாரும் அறிந்த உண்மை ஒன்றே. ஆனால் அறிந்த முறை வேறு. ஒருத்திக்குத் தேவர்கள் வானிலிருந்து வந்து சான்று கூறினர். மற்றொருத்தியோ, தன்னைப் போன்ற பெண்கள் நின்ற வாசற்படிகளில் ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் கடுகை எடுத்து வந்திருப்பாள். கோதமி கேட்ட வினாவால் அவள் கை நின்றிருக்கும். என் வீட்டிலும் ஒரு சாவு நேர்ந்தது என்று கூறியிருப்பாள். பகவான் அன்று கோதமிக்கு உபதேசம் செய்து “அழாதே” என்று அடக்கவில்லை. அவளை ஊராரிடம் அனுப்பினார். துக்கத்தில் தனித்து நின்றவளைத் துக்கம் உற்றோர் நடுவே சேர்த்தார். அதுவே அவர் அளித்த மருந்து.

ஆனால் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. சாவு நேர்ந்த வீட்டை ஊரார் அறிவர். கரு கலைந்த வீட்டை எவரும் அறியார். அதற்குப் பாடையில்லை, பறையில்லை, பதினாறாம் நாளில்லை. ஆகையால் அச்சிறிய தீவில் உன்னைப் போன்று இழந்தவர் அடுத்த தெருவில் இருந்தும் நீ அறியாய். உன்னைத் தூற்றும் மூத்தவளே ஒருகால் இளமையில் ஒன்றை இழந்து வாய் மூடியிருக்கக்கூடும். எனவே இச்சபையிலுள்ள மூத்த உபாசகிகளை வேண்டுகின்றோம்: உங்களுள் கரு இழந்தவர், பின்னர் பிள்ளை பெற்றவராயினும் பெறாதவராயினும், அதனை ஓர் இளம்பெண்ணிடம் ஒரு முறையேனும் மனம் திறந்து கூறுங்கள். “எனக்கும் நேர்ந்தது” என்னும் அச்சொற்களே நீங்கள் அவள் கையில் இடும் கடுகு.

ஜப்பானிய பௌத்தர் கலைந்த கருவை “நீர்க்குழந்தை” என்னும் பொருள்படும் மிசுகோ என்ற பெயரால் அழைக்கின்றனர். ஜிசோ என்னும் போதிசத்துவரின் சிறு கற்சிலைகளுக்குச் சிவப்புத் துணி அணிவித்து அக்குழந்தைகளை நினைவுகூர்கின்றனர். நாம் அதனை அப்படியே செய்ய வேண்டுவதில்லை. அந்நாளில் ஒருவருக்கு அன்னமிடுக. ஒரு தென்னங்கன்று நடுக. அப்புண்ணியத்தைப் பகிர்ந்தளித்து வணங்குக. பெயரிடப்படாத துக்கத்துக்கு ஒரு நாளும் ஒரு செயலும் அமைந்தால் நெஞ்சின் பாரம் குறையும். பாரம் குறையாமல் உறக்கமும் உணவும் நீங்குமாயின் அதுவும் நோயே. 2022 முதல் நடைபெறும் டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

இல்லத்தார் கடமை

பேசாத கணவனுக்கு ஒரு சொல். தம்பி, உன் மௌனம் வன்மத்தால் அன்று, துக்கத்தால் எழுந்தது என்பதை யாம் அறிவோம். நீயும் தந்தையாக இருந்து இழந்தவன். ஆனால் உன் மனைவி அம்மௌனத்தைத் தன்மீது எழுதிய தீர்ப்பாகப் படிக்கின்றாள். சிகாலோவாத சுத்தத்தில் பகவான் கணவனுக்கு விதித்த கடமைகளுள் மனைவியை மதித்தலும், இகழாதிருத்தலும் முன்னிற்கின்றன. அவள் பழி கேட்கும்போது வாய் திறந்து மறுத்துப் பேசு. புகையிலையையும் மதுவையும் விடு. சோதனைக்கு அவளைத் தனியே படகேற்றி அனுப்பாதே. உன் இரத்தமும் சோதிக்கப்பட வேண்டியதே. வேறு பெண் பார்க்கலாம் என்று எவரேனும் கூறினால், அது தர்மத்துக்கும் சட்டத்துக்கும் ஒவ்வாதென உறுதியாகச் சொல்.

மாமியார்க்கும் ஒரு சொல். அம்மா, உங்கள் பேரக்குழந்தையைக் காண வேண்டுமென்னும் ஆசை குற்றமன்று. ஆயினும் அங்குலிமாலரின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். பிரசவ வேதனையில் தவித்த ஒரு பெண்ணைக் கண்டு மனமிரங்கிய அவரைப் பகவான் சத்தியம் கூறுமாறு ஏவினார். பிறந்தது முதல் எவ்வுயிரையும் வேண்டுமென்று கொன்றதில்லை எனக் கூறச் சொன்னபோது, தாம் பலரைக் கொன்றவராயிற்றே, அது பொய்யாகுமே என்று அவர் தயங்கினார். உயர் பிறப்பாகிய துறவில் பிறந்தது முதல் என மாற்றிக் கூறுமாறு பகவான் அருளினார். அச்சத்தியத்தால் தாயும் சேயும் நலம் பெற்றனர். இன்றும் இலங்கையில் கருவுற்ற பெண்களுக்கு அங்குலிமால பரித்தத்தைப் பிக்குகள் ஓதுகின்றனர். நீங்களும் ஓதச் செய்யுங்கள். அதனால் மனம் அமைதியுறும். ஆனால் ஓதுதல் மருந்துக்கு மாற்றாகாது. பகவானே சங்கத்தார்க்கு மருந்துகளை அனுமதித்தவர். ஜீவகன் என்னும் வைத்தியனின் சிகிச்சையை ஏற்றவர். மேலும் அங்கே பலித்தது சத்தியம். பல உயிர் கொன்ற அவரே பொய் கூற அஞ்சினார். அறியாத முற்பிறப்பைப் பற்றிப் பொய்ப்பழி பேசும் வீட்டில் எந்தப் பரித்தம் பலிக்கும்?

ஊரார்க்கும் ஒரு சொல். வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவானும் ஆனந்தரும் தம் கைகளாலேயே நீராட்டிக் கிடத்தினர். எனக்குப் பணிவிடை செய்ய விழைவோர் நோயாளிக்குச் செய்க என்னும் கருத்தை அன்று பகவான் வெளியிட்டார். ஆகவே கரு இழந்தவளின் வீட்டுக்குக் கஞ்சி கொண்டு செல்வதும் புத்த பூசையே. அவளைச் சீமந்தத்துக்கு அழைத்து, வருவதும் வராதிருப்பதும் அவள் விருப்பம் என விடுதலும் புத்த பூசையே. வேலைக்குச் செல்லும் பெண்கள் இன்னொன்றையும் அறிக: கருச்சிதைவு நேர்ந்த பெண் தொழிலாளிக்கு ஊதியத்துடன் ஆறு வார விடுப்பு அளிக்க வேண்டும் என 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் விதித்தது, 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதனை அவ்வாறே ஏற்றுள்ளது. அது இரக்கத்தால் தரும் கொடையன்று, உரிமை.

முடிவாக

தாயே, எல்லா முயற்சிக்குப் பின்னும் ஒரு குழந்தை உன் மடியில் வந்தே தீரும் என்று யாம் வாக்களிக்க இயலாது. பொய்யான நம்பிக்கை அளித்தல் சீலமாகாது. வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அதற்காக அறிவு கூறும் வழியெல்லாம் முயல்க. வாராதாயினும் நீ குறைந்தவளாக மாட்டாய். மணிமேகலை எக்குழந்தையையும் பெற்றவள் அல்லள். ஆயினும் அமுதசுரபியை ஏந்திப் பசித்தோர் அனைவர்க்கும் தாயாய் நின்றாள். சட்டப்படி ஒரு குழந்தையை மகவாக ஏற்கும் வழியும் திறந்தே இருக்கின்றது. பெண்ணின் பெருமை அவள் கருப்பையில் வைத்து அளக்கப்படுவதில்லை.

நீ அனுப்பிய வினாவைத் திருத்தி உனக்கே திருப்பி அனுப்புகின்றோம். காரணம் எது என்று மருத்துவரிடம் கேள். எங்கே சோதிப்பது என்று சுகாதார நிலையத்தில் கேள். யார் வருவார் என்று கேட்டாயானால், முதலில் உன் கணவன் வருவான். அவனுக்கு இவ்வேட்டைப் படித்துக் காட்டு. கடல் அடங்கியிருக்கும் ஒரு நாளில் இருவரும் அந்தப் பையை எடுத்துக்கொண்டு எரட்டாவுக்குப் படகேறுங்கள். திரும்பி வந்தபின் எமக்கு மீண்டும் எழுது.

இங்குக் கூடியுள்ளோர் ஒரு கணம் கண்மூடி, கரு இழந்த தாய்மார் யாவரையும் நினைந்து மைத்திரி பாவனை செய்வோமாக. அவர்கள் பழியினின்று விடுபடுவார்களாக. அச்சத்தினின்று விடுபடுவார்களாக. துணை பெறுவார்களாக. எல்லா உயிர்களும் இன்புற்றிருப்பனவாக.

சாது! சாது! சாது!